மூடாமல் விட்ட அடைப்புக்குறி

ஈரத் தரைக்கு மேலே முழங்கால் உயரத்தில், நீளமான பிளக் பெட்டி ஒன்றை இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்தபடி, அலுவலகத்தைத் துடைக்கும் அக்கா நின்ற காட்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. துடைக்கும்போது வாளி கவிழ்ந்துவிட்டது. தரையில் கிடந்த பெட்டிக்குள் தண்ணீர் போய்விடக் கூடாதே என்று அதைச் சட்டென்று தூக்கியிருக்கிறார். தூக்கிய வேகத்தில் ஒரு பிளக் கழன்றது. எங்கள் சர்வர் அணைந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. வெளிநாட்டு மருத்துவர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டு, தட்டச்சு செய்து, அன்று மாலைக்குள் திருப்பி அனுப்பும் அலுவலகம் ஒன்று கேரளத்து நெய்யாற்றின்கரையில் இருந்தது. இருபது பெண்கள் தட்டச்சு செய்தார்கள். பாதிப் பேர் தனுவச்சபுரம் பஸ்ஸில் வருகிறவர்கள். பாறசாலைக்காரியான நான்தான் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பு. ஒரு பெண் இதையெல்லாம் பார்ப்பாளா என்று முதலாளிக்குச் சந்தேகம். மூன்று மாதம் பார்க்கலாம் என்று சொல்லித்தான் வேலையைத் தந்திருந்தார். கூட்டித் துடைக்கும் அக்கா திருப்புறத்திலிருந்து வருவார். அவர் கணவர் கடலுக்குப் போகிறவர்.

நான் பிளக்கை மாட்டியதும் சர்வர் உயிர்பெற்றது. ஆனால் யாருடைய கோப்பும் நகரவில்லை. எந்தத் திரையைப் பார்த்தாலும் சர்வரைக் காணவில்லை என்றே வந்தது. மேலாளர் ஓடிவந்தார். இருபது பேரும் திரும்பிப் பார்க்க, அக்காவிடம் கத்தினார்.

"சாரே, வெள்ளம் கேறாம இருக்கத்தான் நான் பொக்கினேன். வேற ஒண்ணும் செய்யல்ல."

"கம்ப்யூட்டரை நாசமாக்கிட்டு வர்த்தமானம் பறயண்டாம். நாளை தொட்டு நீ வரண்டாம்."

அக்கா ஈரக் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். எனக்கும் அவர் மேல் கோபம்தான். சட்டென்று அணைந்ததில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்றே நம்பினேன்.

பகல் முழுவதும் தேடினேன். ஒயர்களைக் கழற்றி மாட்டினேன். ஒவ்வொரு மேசைக்கும் போய் உட்கார்ந்து பார்த்தேன். சர்வரை அதன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் வந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதிலே இல்லை. அப்படியென்றால் ஒயரும் நன்றாக இருக்கிறது, சர்வரும் நன்றாக இருக்கிறது. எந்தப் பெயருக்கு எந்த எண் என்று சொல்கிற டிஎன்எஸ் பட்டியலில்தான் கோளாறு. மாலை நான்கு மணிக்கு அந்தப் பட்டியலைத் திறந்தேன். மேலே ஐந்தாவது வரியில் ஓர் அடைப்புக்குறி மூடப்படாமல் இருந்தது.

அது என் கை செய்த வேலை. ஐந்து நாளுக்கு முன்னால் புதிதாக வந்த ஒரு கம்ப்யூட்டரின் பெயரைச் சேர்த்தபோது மூடும் குறியைத் தவறுதலாக அழித்திருக்கிறேன். சர்வர் அணையாமல் இருந்தவரை, தன் நினைவில் வைத்திருந்த பழைய பட்டியலைக் கொண்டே பதில் சொல்லிவந்தது. அணைந்து எழுந்தபோது என் பட்டியலைப் படிக்கப் பார்த்தது, முடியவில்லை. மின்சாரம் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

குறியை மூடினேன். இரண்டே நிமிடத்தில் கோப்புகள் போகத் தொடங்கின. பெண்கள் கைதட்டினார்கள். "மிடுக்கி!" என்று மெச்சினார் மேலாளர். "முதலாளியிடம் உன்னைப் பற்றி நானே நல்லதா பறயாம்." நான் சிரித்தேன். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நல்ல பேர் கிடைத்த அந்த ருசியையும், கூடவே அக்கா படியிறங்கிப் போன காட்சியையும் இரண்டு நாள் சேர்த்துச் சுமந்தேன்.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது, திருப்புறத்திலிருந்து வரும் ஒரு பெண் சொன்னாள்: "அந்த அக்கா வேற ஒரு இடத்துல வேல கேட்டுப் போச்சாம். கம்ப்யூட்டர ஒடச்சவளாக்கும்னு சொல்லி அனுப்பிட்டாவளாம்."

சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு எழுந்தேன். மேலாளரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "அவளை வேணுமெங்கில் திரும்ப விளிச்சோ. காரணம் ஒண்ணும் பறயண்டாம். முதலாளி அறிஞ்சால் உன் ஜோலி போகும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

மறுநாள் ஞாயிறு. திருப்புறத்துக்கு பஸ் ஏறினேன். மாதா கோயிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார் அக்கா. தலையில் இட்ட முக்காடுகூட எடுக்கவில்லை. நடந்ததை அவரிடம் சொன்னேன். பிறகு கேட்டார்:

"அப்ப எனக்க தெற்று இல்ல?"

"இல்லக்கா. எனக்க தெற்றாக்கும், நான் செஞ்ச தப்பு. நாளைக்கே வேலைக்கு வாங்க."

"வாறேன். ஆனா மக்கா, அந்தப் பிள்ளையளுக்க முன்னால வச்சுத்தானே என்னை ஏசினாவ. இதையும் அதுகளுக்க முன்னால வச்சுச் சொல்லணும். நீதான் சொல்லணும்."

சரி என்றேன். திரும்பும் பஸ்ஸில், சரி என்று சொல்லியிருக்க வேண்டாமோ என்று பலமுறை தோன்றியது. வீட்டில் என் சம்பளத்தை நம்பி அப்பாவின் மருந்து இருந்தது. இத்தனை வருடங்களில் எத்தனையோ பெரிய சர்வர்களைப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்த பஸ்ஸில் இருந்த பயம் பிறகு எந்தக் கோளாறின் முன்னும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை, எல்லோரும் உட்கார்ந்த பிறகு, கூடத்தின் நடுவில் போய் நின்றேன். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அன்றைக்குக் கெடுத்தது அக்கா இல்லை, நான்தான் என்றேன். எப்படிக் கெட்டது என்பதையும் சொன்னேன். தட்டச்சுச் சத்தம் முழுவதுமாக நின்றுவிட்டது. மேலாளர் தன் அறை வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அன்று மாலை முதலாளி போனில் என்னைத் திட்டினார். என் மூன்று மாதத்தை ஆறு மாதமாக நீட்டினார். வேலையை விட்டு அனுப்பவில்லை.

அதெல்லாம் மாலையில். காலையில், நான் சொல்லி முடித்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அக்கா வாளியோடு என் அருகே வந்தார்.

"கேட்டாச்சு. செத்த மாறி நில்லு மக்கா, தரை தொடைக்கணும்."

நான் விலகி நின்றேன்.