மச்சாளின் டிப்ளோமா

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மில்லிக்கன் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மச்சாள் ஒரு மடிப்புத் தாளை விரித்து வைத்தார். கொலிஜ் ஒன்றின் கணினி நிரலாக்க டிப்ளோமாவுக்கான விளம்பரம். அட்டையில் மடிக்கணினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எவருக்கும் இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. என் கணவரின் அக்காவான மச்சாளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. சவர்க்காரம் பொதி செய்யும் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாக வேலை. ஒருநாள் லேபல் ஒட்டும் இயந்திரம் நின்றுபோக, வெளியிலிருந்து வந்த ஒரு பெண் கதிரையில் இருந்தபடியே மடிக்கணினியில் நாலு வரியை மாற்றி அதை ஓட வைத்ததைப் பார்த்திருக்கிறார். அன்று பிடித்த பிடி.

“நீர் இந்த வேலைதானே செய்யிறீர். உதைப் படிச்சால் எனக்கு வேலை கிடைக்குமோ? மறைக்காமல் சொல்லும்,” என்றார்.

மறைக்காமல் சொன்னேன். அந்தத் தாளின் பின்புறத்தில் கோடு கிழித்து, இடப்பக்கம் படிப்புக் கட்டணம், குறையப்போகும் சம்பளம், மூன்று வருடம், வயது என்று எழுதிக்கொண்டே போனேன். வலப்பக்கம் ‘வேலை கிடைக்கலாம்’ என்று மட்டும் எழுதினேன். “யூனிவர்சிற்றி முடிச்ச பிள்ளையளே வேலையில்லாமல் நிக்கினம், மச்சாள்.” அவர் தலையாட்டினார். “ஓம், நீர் சொல்லுறது சரிதான்” என்று தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். செவ்வாய்க்கிழமை போய்ப் பதிந்துவிட்டார். முடிவெடுத்துவிட்டு ஆலோசனை கேட்பவர்களை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது.

அதன் பிறகு மூன்று வருடம் என் மதிய இடைவேளை எனக்குச் சொந்தமாக இருக்கவில்லை. தொலைபேசியில் தன் நிரலை ஒவ்வோர் அடைப்புக்குறியாக வாசிப்பார். நான் கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். படம் எடுத்து அனுப்புங்கோ என்றால், வாசித்தால்தான் தனக்குப் பிழை தெரியும் என்பார். இதில் பெரிய எரிச்சல், பாதி நாட்களில் வாசித்து முடிக்கும்போதே பிழையைத் தானே கண்டுபிடித்து, “சரி, வைக்கிறன்” என்று வைத்துவிடுவதுதான். கொலிஜ் படிப்பித்ததில் பாதியை எங்கள் அலுவலகத்தில் எவரும் தொட்டுப் பல வருடம். குழு வேலை கொடுத்தால் மற்ற மூவரும் காணாமல் போவார்கள்; இவர் சனி ஞாயிறு தொழிற்சாலையில் நின்றுவிட்டு வந்து நால்வரின் பங்கையும் செய்வார். ஆசிரியரிடம் சொல்லுங்கோ என்று கத்தினேன். “செய்தால் எனக்குத்தானே பழக்கம் வரும்,” என்றார்.

டிப்ளோமா வந்தது. வேலை வரவில்லை. அவர் விண்ணப்பித்துக்கொண்டே இருந்தார். பெரும்பாலும் பதில்கூட வராது. ஏழெட்டு மாதம் கழிந்த பின், ஒரு பிறந்தநாள் விருந்தில், சொந்தக்காரர் எல்லோருக்கும் முன்னால், “நான் அண்டைக்கே சொன்னனான்தானே” என்றேன். மச்சாள் கேக் தட்டை மேசையில் வைத்துவிட்டு வேறு பக்கம் போனார். அதன் பிறகு என்னை எதுவும் கேட்பதில்லை.

அடுத்த வசந்தத்தில் எங்கள் குழுவுக்குப் புதிதாக ஒருவரைச் சேர்த்தோம். விண்ணப்பித்த வேறொருவர் தனக்குப் பதிலே வரவில்லை என்று முறையிட்டதால், விண்ணப்பம் வாசிக்கப்படாமலே ஒதுக்கப்பட்டவர்களின் பட்டியலைத் திறந்தேன். அதில் மச்சாளின் பெயர் இருந்தது. என்னிடம் ஒரு சொல் சொல்லாமல் என் அலுவலகத்துக்கே விண்ணப்பித்திருக்கிறார். முதலில் அவர்மீதுதான் கோபம் வந்தது. பிறகுதான் ஏன் ஒதுக்கப்பட்டார் என்று பார்த்தேன். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர்களின் விண்ணப்பங்கள் என்னிடம் வரவே வேண்டாம் என்று ஆட்சேர்ப்புப் பிரிவிடம் கேட்டவள் நான். எல்லாவற்றையும் வாசிக்க நேரமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

தான் எழுதிய செயலி ஒன்றையும் அவர் இணைத்திருந்தார். தொழிற்சாலைப் பெண்கள் தங்களுக்குள் வேலை நேரத்தை மாற்றிக்கொள்வதற்கானது. எதையாவது பிழையாக அழுத்தினால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பொறுமையாகச் சொன்னது. நாங்கள் சேர்த்துக்கொண்டவர் அனுப்பியதைவிட அது நன்றாக இருந்தது.

அன்று மாலையே அவர் இருக்கும் வெக்ஸ்போர்ட் பகுதிக்குக் காரை ஓட்டிப்போய் அவருடைய அப்பார்ட்மென்ற் கதவைத் தட்டினேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

“அப்ப அந்த ரூல் நீர் போட்டதோ?”

“ஓம், மச்சாள்.”

அவர் காய்ந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக மடித்து முடித்தார்.

“எனக்கு மூளை காணாது எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன். ஒருத்தரும் திறந்தே பாக்கேல்லை எண்டு தெரிஞ்சிருந்தால், இவ்வளவு நாளும் என்னையே திட்டியிருக்க மாட்டன்.”

அலுவலகத்தில் சண்டைபிடித்து அந்த விதியை எடுப்பித்தேன். திரும்ப விண்ணப்பியுங்கோ என்று கெஞ்சியும் மச்சாள் மாட்டேன் என்றுவிட்டார். அந்தச் செயலியைத் தன் தொழிற்சாலை மேலாளரிடமே காட்டி, அங்கே கணினி வேலைகளைப் பார்க்கும் பதவியை வாங்கிக்கொண்டார். சம்பளம் முன்பைவிடக் கொஞ்சம்தான் கூட. இந்தப் படிப்பு செலவுக்குத் தகுமா என்று தெரிந்தவர்கள் இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். பாதிப் பதில்தான் கொலிஜில் இருக்கிறது. மீதி என்னைப் போன்றவர்களின் மேசையில் இருக்கிறது. இதை வெளியில் சொல்லத்தான் எனக்கு வாய் வருவதில்லை.

போன கிழமை மச்சாள் தொலைபேசி எடுத்தார். தனக்கு ஓர் உதவியாளரைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்களாம், விண்ணப்பங்கள் குவிந்துவிட்டனவாம்.

“எல்லாத்தையும் வாசிச்சுக்கொண்டு இருக்கிறன்.”

“எல்லாத்தையுமோ? ஒரு கிழமை போயிடுமே, மச்சாள்.”

“போகட்டும்,” என்றார். “உம்மைப் போல ஆக்கள் ஒரு மணித்தியாலம் மிச்சம் பிடிக்கத்தான் எனக்கு ஒரு வருஷம் போனது.”