நுவரெலியாவில் ஆவி ஏற்றிக்கொண்ட என் தங்கை

ஜூன் மழையில் நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் குறைவு. நானும் ஊர் பார்க்கப் போகவில்லை. மஸ்கெலியாவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் என் தங்கை மல்லிகாவுக்கு வைரஸ் காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. நுவரெலியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அங்கே புது மருந்தொன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள், அவள் மாட்டேன் என்கிறாள், நீங்கள் வந்து பேசுங்கள் என்று அவள் கணவர் போனில் சொன்னார். பாடம் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்ற ஆளாயிற்றே, புரியவைத்துவிடலாம் என்று கிளம்பினேன்.

கண்டியில் காலை ஆறேகாலுக்கு பஸ். எழுபத்தேழு கிலோமீட்டர்தான் என்றாலும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. கொத்மலை நீர்த்தேக்கம் தெரியவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒன்றுமே இல்லாமல் இருந்தது. றம்பொடை தாண்டியதும் பனி ஜன்னலை ஒட்டிக்கொண்டது. கொழுந்து பறிக்கிறவர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பது குரலால்தான் தெரிந்தது. ஆளைக் காணோம், சிரிப்பு மட்டும் பஸ்ஸுக்குள் வந்து போனது.

நுவரெலியாவில் ஆட்டோக்காரர் ஆஸ்பத்திரிப் பெயரைக் கேட்டதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“ஆவி ஏத்துறாங்களே, அங்கயாம்மா?”

“மருந்துங்க அது.”

“மருந்துதான். யாரோ ஒருத்தரோட ஆவியாமே? நம்ம ஆளுக பாதிப்பேரு வேணாம்னு எந்திரிச்சு வந்துட்டாங்களாம்.”

மல்லிகா தலையணையில் சாய்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினாள். டொக்டர் நிதானமான பெண். ஆரோக்கியமான ஒருவரின் இரத்தத்திலிருந்து நோயோடு சண்டை போடும் அணுக்களை எடுத்து, மிக நுண்ணிய துளிகளாக்கி, மூச்சோடு இழுக்கச் செய்வதுதான் சிகிச்சை என்றார். சிலருக்கு அணுக்கள், சிலருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பது சோதனை முடியும்வரை அவருக்கும் தெரியாது. நோயின் ஆரம்பத்தில்தான் கொடுக்கலாம். “மூச்சு இதவிட மோசமானா எடுக்க ஏலாது. இன்டைக்குப் பின்னேரத்துக்குள்ள சொல்லுங்க. சுகமாகும்னு நான் வாக்குத் தரமாட்டேன். அதைப் பாக்கத்தான் சோதனை. வேணாம்னாலும் வழக்கமான மருந்து நிக்காது.”

கையெழுத்து வாங்குமுன் நோயாளிக்குக் கொடுக்கும் விளக்கத் தாளைத் தமிழாக்கியவர், “வேறொருவரின் உயிருள்ள அணுக்கள் ஆவி வடிவில்” என்று எழுதிவிட்டார். துளித்தூவல் என்று எழுதியிருக்கலாம். வேறொருவர், உயிர், ஆவி மூன்றும் ஒரே வரியில் வந்தால் யார்தான் எழுந்து ஓடமாட்டார்கள்?

எனக்குத் தெரிந்த வித்தை உதாரணம்தான். “மலையில கொழுந்து நிறைஞ்சு கெடக்கு, ஆள் பத்தல. பக்கத்து டிவிசன்ல இருந்து ஆள் கூப்பிடுறதில்லையா? அது மாதிரிதான்” என்றேன்.

“அந்த ஆளுக்குப் பேரு இருக்குமேக்கா. பேரு தெரியாத ஆள யாரு பெரட்டுல சேப்பாங்க?”

பெரட்டு என்றால் காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடம். என் உதாரணம் என் மேலேயே திரும்பியது. கொடுத்தவர் பெயரைச் சொல்ல முடியுமா என்று டொக்டரைக் கேட்டேன். சொல்லக்கூடாது என்பது விதி, அவருக்கே தெரியாது.

பக்கத்துக் கட்டில் பெண் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, “வந்தவுங்க திரும்பிப் போவாங்களா, கேளுங்க” என்றாள்.

மூன்று மணிக்கு மல்லிகாவின் உதடு வெளுத்தது. அவளே டொக்டரைக் கூப்பிட்டாள். “பேரு கேக்கக் கூடாது, சரிங்க. வாங்கன்னு கூப்பிடலாமா? கூப்பிடாம யாரும் எனக்குள்ள வரவேணாம்.”

டொக்டர் அவள் மூச்சைச் சோதித்துவிட்டு, “இன்னும் எடுக்கலாம். தாராளமாக் கூப்பிடுங்க” என்றார்.

கண்ணாடி போட்ட சின்ன அறை, உள்ளே ஒரு கட்டில். மெஷின் ஓடியதும் குழாய் வாயில் வெள்ளையாகப் புகை சுருண்டது. மல்லிகா அதைப் பார்த்து மெதுவாக, “வாங்க” என்றாள். பிறகு, “என்ன” என்றாள்.

“ஒன்னுமில்லடி, மூச்ச இழு” என்றேன் நான்.

“உன்னயக் கேக்கலக்கா. சிங்கள ஆளா இருந்தா வாங்கன்னா வெளங்காதுல்ல?”

சிங்களத்தில் ‘என்ன’ என்றால் வாருங்கள். தாதி தலையைக் குனிந்து சிரித்துவிட்டாள். மல்லிகா சிரிக்கவில்லை. குழாயை வாயில் வைத்து இழுத்தாள். இழுத்த மூச்சை விடாமல், யாருக்கோ இடம் கொடுப்பதுபோல் கட்டிலில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அடுத்த சில நாட்களில் காய்ச்சல் இறங்கியது. பக்கத்துக் கட்டில் பெண் சிகிச்சைக்கு ஒத்துக்கொள்ளாமலேயே தேறினாள். அதனால் என் தங்கையை எது காப்பாற்றியது என்று நான் சொல்லமாட்டேன்.

மல்லிகாவை வீட்டுக்குக் கூட்டிப்போக, நுவரெலியாவில் ஹட்டன் பஸ், ஹட்டனில் மஸ்கெலியா பஸ். இரண்டாவது துண்டு இருபது கிலோமீட்டர்தான். வளைவுகள் அதிகம், வெறும் வயிற்றில் ஏறாதீர்கள். கட்டணம் அடிக்கடி மாறுவதால் சில்லறை வைத்திருங்கள். ஜூனில் குடையைவிட மழைக்கோட்டு நல்லது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பார்வையாளர் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பனியில் பஸ் பிந்தும்.

இப்படியொரு சோதனையில் சேரச் சொன்னால், தாளை வாங்கியதும் கையெழுத்துப் போடவேண்டாம். சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், பயமுறுத்தும் சொல்லில் நிறுத்தி அர்த்தம் கேளுங்கள். எனக்குக் கிடைத்தது மருந்தா உப்புநீரா என்பதை எப்போது சொல்வீர்கள் என்றும் கேளுங்கள். சோதனை முடிந்ததும் விரும்பியவர்களுக்குச் சொல்வார்கள்.

மல்லிகா விரும்பவில்லை. தனக்குச் சொல்லவேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். மஸ்கெலியா பஸ்ஸில் ஏனென்று கேட்டேன். ஜன்னலில் படிந்த மூச்சைக் கையால் துடைத்தாள்.

“உப்புத்தண்ணின்னு சொல்லிட்டாங்கன்னு வையி. அப்ப, நா கூப்பிட்டதுக்கு வந்தது யாருக்கா?”