மாமா கழற்றிய பலகை

உம்மாவின் தங்கையான சாச்சியைப் பெண் பார்க்கக் கற்பிட்டியிலிருந்து ஆட்கள் வரவிருந்த அன்றுதான் மாமா அரசாங்கச் சொத்தைத் திருடினார். பெரிய பொருள் ஒன்றுமில்லை. பிரதான வீதியிலிருந்து எங்கள் ஒழுங்கை திரும்பும் முடக்கில், இரண்டு இரும்புக் கம்பங்களில் பூட்டியிருந்த தகரப் பலகை. மூன்று மொழியிலும் 'அகதி முகாம்' என்று எழுதி, அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். சண்டை முடிந்து, ஓலைக் கொட்டில்களெல்லாம் கல்வீடுகளான பிறகும் பலகையை மட்டும் யாரும் மாற்றவில்லை.

சண்டைக்காலத்தில் உம்மாவும் மாமாவும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு இந்த முகாமுக்கு வந்தபோது சாச்சி கைக்குழந்தை. நான் பிறந்ததே புத்தளத்தில்தான். உம்மாவின் வாப்பா, என் மூத்தாப்பா, மவுத்தாகி அடக்கிய பிறகு தங்கையைக் கரைசேர்க்கும் பொறுப்பு மாமாவின் தலையில் விழுந்தது. முன்பு வந்த சம்பந்தங்கள் இரண்டும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போய், சத்தமில்லாமல் நின்றுபோயின. மாமா பழியைப் பலகைமேல் போட்டார். அவருடைய மண்டையில் ஒன்று ஏறிவிட்டால் யாராலும் இறக்க முடியாது.

"தம்பி, அது கவர்மெண்ட் சாமான்!" என்று உம்மா தலையில் கைவைத்தார்.

"பின்னேரம் திரும்பப் பூட்டிருவன் ராத்தா, பயப்பிடாதீங்க."

கழற்றியதைச் சும்மா வைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. எங்கள் மேசை சின்னது. பலகையை எழுத்து கீழே இருக்கும்படி அதன்மேல் கவிழ்த்து, பூப்போட்ட விரிப்பை விரித்தார். வட்டிலப்பமும் ரோல்ஸும் அதன்மேல் கம்பீரமாக அமர்ந்தன.

வர வேண்டியவர்களைத்தான் காணவில்லை. அவர்களுடைய வேன் முடக்கைத் தவறவிட்டுத் தில்லையடிப் பக்கமெல்லாம் சுற்றி, கடைசியில் ஒரு பொலிஸ்காரரிடம் வழி கேட்டிருக்கிறது. அவர் மோட்டார் சைக்கிளில் முன்னால் வர, வேன் பின்னால் வந்தது. மாமாவின் முகம் வெளுத்தது.

மாப்பிள்ளையின் வாப்பா கதிரையில் அமர்ந்து வியர்வையைத் துடைத்தார். "கேம்ப் போர்டடியில திரும்பச் சொல்லித்தான் தரகர் சொன்னாரு. போர்டு ஒண்டையும் காணல்லியே?" என்றார்.

எல்லாம் தெரிந்தேதான் வந்திருக்கிறார்கள்.

பொலிஸ்காரருக்கும் அப்போதுதான் உறைத்தது. மரியாதைக்குக் கொடுத்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்; 'டங்' என்றது. விரிப்பைத் தூக்கி, குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"இது பொதுச் சொத்து. மறியலுக்குப் போக வேணும். பெறுமதிய விட மூணு மடங்கு தண்டம். பிணை எடுக்கிறதும் லேசில்ல" என்றார், தெரிந்த தமிழில். அந்தச் சட்டம் எவ்வளவு பொல்லாதது என்று வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். ஆனால் மறியல் என்றால் சிறை என்று அன்றே தெரியும். உம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளறையில் சாச்சி விம்முவது கேட்டது.

மாமா மறுக்கவில்லை. "தங்கச்சிக்காகத்தான் மாத்தயா" என்றார்.

மாப்பிள்ளையின் வாப்பாதான் எழுந்து, பொலிஸ்காரரை வாசலுக்குக் கூட்டிப்போய்ச் சிங்களத்தில் நெடுநேரம் கதைத்தார். திரும்பி வந்து, "தம்பி, எல்லாரும் பாக்கத்தக்கதா நீங்களே போய்ப் பூட்டினாப் போதுமாம். முதல்ல அதைச் செய்ங்க. கலியாணக் கதைய வந்து கதைப்பம்" என்றார். அந்த நல்ல மனிதர்தான் பிறகு சாச்சிக்கு மாமனாராக வாய்த்தார்.

மாமா பலகையைத் தோளில் சுமந்துகொண்டு ஒழுங்கை நெடுக நடந்தார். அயலெல்லாம் படலை வாசலுக்கு வந்து பார்த்தது. அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கோ பெருநாள் மாதிரி இருந்தது. நட்டுகளைக் கையில் ஏந்திக்கொண்டு பின்னால் ஓடினேன். எங்கள் ஊரின் பெயரே பலகையிலிருந்த அந்த இரண்டு சொற்கள்தான் என்று நினைத்திருந்த வயது. பெயர்ப்பலகை உள்ள ஊர் என்று எனக்குப் பெருமையும் இருந்தது.

மாமா ஏறி நின்று பூட்டினார். நான் கீழேயிருந்து சொன்னேன்: "நல்லா முறுக்குங்க மாமா. இனி ஆருக்கும் கழட்ட ஏலாம இருக்கணும்."

அவருடைய கை நின்றது. குனிந்து என்னைப் பார்த்தார். பிறகு, "ஓம் மகள்" என்றுவிட்டு இன்னொரு தரம் முறுக்கினார்.