கீழே போன அம்மா

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தாப்பாவுக்குப் போவதைக் ‘கீழ போறது’ என்றுதான் சொல்வோம். மலையை விட்டு இறங்கினால் அதுதான் முதல் டவுன். இருமலில் ரத்தம் கண்ட அம்மாவை அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த அப்பா, ஐந்து வயதுத் தங்கையிடமும் அப்படித்தான் சொன்னார்.

“அம்மா கீழ போயிருக்காங்க. வந்துருவாங்க.”

தங்கைக்குக் கீழே என்றால் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் இறங்கும் சரிவு. அம்மா தினமும் கொழுந்து பறிக்கப் போன இடம். மறுநாள் காலையிலேயே மேட்டில் நின்று, “அம்மோவ்!” என்று கத்தினாள். பனிமூட்டத்தில் யார் முகமும் தெரியவில்லை. கொழுந்து பறித்தவர்கள் சிரித்தார்கள்.

“யாருடி அது, சேவலுக்குப் போட்டியா கூவுறது?”

கத்தல் அழுகையானதும், அவர்களோடு பறித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அத்தை அம்மா மாதிரியே குரல் கொடுத்தார்.

“வர்றேன்டி! கொழுந்து முடியட்டும்!”

அன்று தங்கை தட்டிலிருந்த சோறு முழுவதையும் தின்றாள். மாலையில் கூடைகள் நிறுவைக்கு வந்தபோது ஒவ்வொரு முக்காட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தாள்.

“இன்னும் முடியல போல” என்று தானே சொல்லிக்கொண்டாள்.

ஒரு வாரம் இப்படியே போனது. எங்கள் குடும்பத்தில் இடைநிலைப் பள்ளிக்குப் போன முதல் ஆள் நான். பூகோளப் புத்தகத்தை விரித்துத் தாப்பாவைக் காட்டினேன்.

“அம்மா இங்க இருக்காங்க.”

அந்தப் புள்ளியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். “பொய். அம்மா என்கிட்ட பேசினாங்க.”

அத்தையிடம் சண்டைக்குப் போனேன்.

“ஏன் அத்தை புள்ளைய ஏமாத்துறீங்க?”

“நீதான் படிச்சவனாச்சே லா. உண்மையைச் சொல்லி அழுகையை நிப்பாட்டு, பாப்போம்.”

ஆனால் மறுநாள் அவர் பதில் கொடுக்கவில்லை. தங்கை தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

“அண்ணே, அம்மாவுக்கு என் மேல கோவமா?”

அன்று மாலை அத்தையிடம் கெஞ்சினேன். “நாளைக்கு மட்டும் பேசுங்க அத்தை.”

“இந்தப் பக்கம் பறிச்சு முடிஞ்சிருச்சே தம்பி. நாளைக்கு ஆத்துப் பக்கம். திரும்பி வர பத்து நாளாவும்.”

காலையில் சரிவு வெறிச்சென்று கிடந்தது. “நீ போய்ப் பாரு” என்று தங்கை என்னைத் தள்ளினாள். ஈரச் செடிகளுக்கு நடுவே, அவள் கண்ணுக்குத் தெரியாத தூரம்வரை இறங்கினேன்.

மேலிருந்து, “அம்மோவ்!”

வாயைத் திறந்தேன். அந்த வருஷம்தான் என் குரல் உடைந்து கட்டைக்குரலாகியிருந்தது.

அவள் மறுபடியும் கூப்பிட்டாள்.