ஒருமுறை மட்டும் பேசும் குரல்

புசல்லாவையிலிருந்து கண்டிக்கு வந்த பஸ்ஸில் அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். தேயிலைக் கொழுந்துச் சாறு ஏறி விரல்களெல்லாம் கறுத்திருந்தன. மடியில் ஷொப்பிங் பையில் சுற்றிய போன். வளைவுக்கு வளைவு பையைப் பிரித்துத் திரையைப் பார்ப்பார், மறுபடியும் சுற்றுவார். நான் வேலை தேடிப் போய்க்கொண்டிருந்தேன்.

"தம்பி, கண்டியில சத்தமில்லாத எடம் இருக்கா?"

"கண்டியிலயா? அதுக்கு நீங்க தோட்டத்துலயே இருந்திருக்கலாமேம்மா."

"லயத்துல எல்லாம் ஒட்டு வீடு, பக்கத்து காம்பராவுல இருமினாலும் எங்களுக்குக் கேக்கும்."

மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அந்த வீட்டு மேடம் அவள் போனை வாங்கிச் சோதிப்பாராம். அதனால் ஒருமுறை கேட்டதும் அழிந்துபோகும்படிதான் குரலைப் பதிந்து அனுப்புவாளாம்.

"மத்ததெல்லாம் கேட்டுட்டேன். இது கடைசியா வந்தது. பொறகு அவ போன் எடுக்கவே இல்ல."

"இப்பவே கேளுங்கம்மா. அங்க என்ன கஷ்டமோ."

"கேட்டுட்டா பொறகு அவ கொரலே எங்கிட்ட இல்லையே தம்பி."

பேராதனைப் பூந்தோட்டம் அமைதியாக இருக்கும் என்றேன். அங்கேயே இறங்கிக்கொண்டார். பஸ் நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். வாசலில் நின்று போனைப் பைக்குள் சுற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு கண்டியில் ஒரு போன் கடையில் கொஞ்சக்காலம் வேலை செய்தேன். கேட்காமல் வைத்திருந்தாலும் அப்படிப்பட்ட குரல் இரண்டு வாரத்தில் தானாக அழிந்துவிடும் என்று அங்கேதான் அறிந்தேன். அவருக்கு அதை யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை. பேராதனையில் பஸ் நிற்கும்போதெல்லாம் நான் அந்த வாசலைப் பார்க்கிறேன்.