கிள்ளானில் ஒரு குளிர்காலம்

மாமா கூண்டுக்குள் கையை விட்டுக் காய்ந்த புல்லைத் தடவியதும், கை வெறுமையாக வெளியே வந்ததும், அவர் திரும்பி என்னைப் பார்த்ததும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. கோழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கோழியைப் பார்த்தார். எங்களில் யார் பொய் சொல்வது என்று யோசிக்கிற மாதிரி இருந்தது.

மாமா என்றால் என் மனைவியின் அப்பா. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்து, ரயில் யார்டிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு கிள்ளானில் ஒரு வரிசை வீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அத்தை காலமான பிறகு அவருக்குத் துணை கோழிகள்தான். வீட்டுக்குப் பின்னால், ரம்புத்தான் மரத்தடியில், தகரக் கூரை போட்ட ஒரு கூண்டு. எல்லாம் கம்பத்துக் கோழிகள், நாட்டுக்கோழிகள். முட்டையை அவர்தான் எடுப்பார். பெற்ற மகளைக்கூடக் கூண்டில் கை வைக்க விடமாட்டார்.

நான் லோரி ஓட்டியவன். கம்பெனியை மூடிவிட்டார்கள். அப்போது என் மனைவி கர்ப்பமாக இருந்தாள். வாடகை கொடுக்க வழியில்லை. துணிமணிகளைக் கட்டிக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்தோம். வாசலிலேயே நின்று, "வாங்க மாப்ள, இது உங்க வீடு லா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் வேலையில்லாத மனிதன் மாமனார் வீட்டில் சாப்பிடும்போது சோறு தொண்டையில் லேசில் இறங்காது. இரண்டாவது முறை குழம்பு கேட்க மாட்டேன். காற்றாடி போடாமல் படுப்பேன். ஆளில்லாத இடத்தில் விளக்கு எரிந்தால் அணைத்துவிடுவேன்.

வந்து கொஞ்ச நாளில் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. அதோடு முட்டையும் குறைந்தது, பிறகு அடியோடு நின்றது. முதலில் மாமா மூசாங் மேல் பழி போட்டார். மூசாங் என்றால் மரநாய். எங்கள் பக்கத்தில் கூரை மேல் ஓடும், கோழியையும் பிடிக்கும். கம்பி வலையை இறுக்கிக் கட்டினார். முட்டை வரவில்லை. பின் சந்துப் பூனையைச் சந்தேகித்தார். பக்கத்து வீட்டு ஆன்டியைச் சந்தேகித்தார். அந்த ஆன்டி வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டால், மாமா இந்தப் பக்கம் நின்று ஆன்டியின் கையையே பார்ப்பார். அடுப்புச் சாம்பலைக் கூண்டைச் சுற்றித் தூவி வைத்தார். காலையில் பார்த்தால் கோழிக்கால் தடம் மட்டும் இருந்தது. அதன் பிறகுதான் சந்தேகம் வீட்டுக்குள் வந்தது.

என்னிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். கோழிகளிடம் பேசினார், எனக்குக் கேட்கிற மாதிரி.

"என்னம்மா, இந்த வீட்டுக்கு ரெண்டு கால் மூசாங் வந்திருக்காமே? தீனி நான் போடறேன். முட்டை யாருக்குப் போவுது?"

கூண்டில் இறகு கொட்டிக் கிடந்தது. அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "புடிச்சு அமுக்கினாத்தான் இப்படிக் கொட்டும்" என்றார், கோழியிடம்.

எனக்கும் சந்தேகம் வந்தது. நான் எழுந்திருப்பதற்கு முன்பே அவர்தான் முட்டைகளை எடுத்து ஒளித்துவைக்கிறார் என்று நினைத்தேன். என்னைக் கிளப்ப ஒரு காரணம் வேண்டும், அதற்குத்தான் இந்த நாடகம் என்று நினைத்தேன். அவர் பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தால் பையை நோட்டம் விடுவேன். ஒரே மேசையில் சாப்பிட்டோம். அவர் என் கையைப் பார்த்தார், நான் அவர் கையைப் பார்த்தேன்.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டே என் மனைவி கேட்டாள்: "ஏங்க, நீங்க எடுத்தீங்களா? எடுத்திருந்தா சொல்லிடுங்க. நான் அப்பாகிட்ட பேசிக்கிறேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். லோரிக்கார நண்பன் ஒருவனுக்குப் போன் செய்தேன். காஜாங்கில் வேலை இருக்கிறது, தங்க அறையும் தருவார்கள் என்றான். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கிளம்புவதற்கு முன் வந்த ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்தில் இருக்கும் என் மைத்துனி வீடியோ காலில் வந்தாள். வாரா வாரம் வருவாள். அவளும் வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்க்கிறாள். அப்பா புத்தி. மாமா போனை மேசையில் சாய்த்து வைத்துக்கொண்டு, முட்டை காணாமல் போகிற கதையைச் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

"இங்கயும் ஒரு முட்டை இல்லப்பா" என்றாள் அவள். "வின்டர் லா."

"குளிர்ல விறைச்சுப் போச்சா?"

"குளிர் இல்லப்பா, இருட்டு. இங்க இப்ப பகலே கொஞ்ச நேரந்தான். கோழிக்கு வெளிச்சம்தான் கணக்கு. பகல் குறைஞ்சா, இது குஞ்சு பொரிக்கிற காலம் இல்லன்னு உடம்புக்கே தெரிஞ்சிடும். முட்டைய நிறுத்திடும், பழைய இறகையெல்லாம் கொட்டிடும். பக்கத்து வீட்ல கூண்டுக்குள்ள லைட் போட்டிருக்காங்க, முட்டை வருது. நான் போடல. பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்னு விட்டுட்டேன்."

"இங்க ஏது வின்டர்? வருஷம் பூரா ஒரே பகல்தான்."

"அதோட நம்ம வீட்டுப் பின்னாடி லைட்டும் எரியுமே. விடிய விடிய எரியும். இப்பவும் எரியுதுல்ல?"

மாமா பின்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் அங்கிருந்து, "ஹலோ? லைன் போச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த விளக்கைச் சொல்ல வேண்டும். பின்வாசலுக்கு மேலே ஒரு நீளமான குழல் விளக்கு. வெளிச்சம் நேராகக் கூண்டில் விழும். யார்டில் இரவெல்லாம் விளக்கு எரியப் பார்த்துப் பழகியவர் மாமா. வீட்டின் பின்பக்கம் இருட்டாக இருந்தால் அவருக்குப் பிடிக்காது. பொழுது சாயும்போது அதைப் போட்டுவிட்டு டிவி பார்க்க உட்கார்ந்துவிடுவார். நான் தட்டு கழுவப் போவேன். கழுவி முடித்ததும் அணைத்துவிடுவேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். மரத்து நிழல், தகரக் கூரை, மழை மேகம். அதுவரை அந்தக் கோழிகளுக்குப் பகலை நீட்டிக்கொடுத்தது அந்த ஒரு விளக்குதான். ஒரு சுவிட்சைத் தட்டி, கிள்ளானில் நான் குளிர்காலத்தைக் கொண்டுவந்திருக்கிறேன்.

பேசி முடித்து மாமா பின்வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"மாமா, லைட்ட ஆஃப் பண்ணது நான்தான்."

"தெரியும்" என்றார், திரும்பாமல். "முன்னயே தெரியும். திருடறவன்தான் வெளிச்சத்த ஆஃப் பண்ணுவான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளும் அவர் கையில் வைத்திருந்த சாட்சி அந்த விளக்குதான். நான் இருட்டாக்கிவிட்டுக் கூண்டில் கை விடுகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

"பில்லு ஏறுதேன்னு பண்ணேன்."

"என் வீட்டு பில்லப் பாக்க உன்ன யாரு கேட்டா?" சுவிட்சைப் போட்டார். அதன் மேல் கறுப்பு டேப்பைக் குறுக்கே ஒட்டினார். "முட்டை வரட்டும். அப்புறம் பேசுவோம்."

காஜாங் நண்பனிடம் வரவில்லை என்று சொன்னேன். மனைவிக்குக் கோபம். "வேலைய விட்டுட்டு கோழிக்குக் காவல் இருக்கப் போறீங்களா?" என்றாள்.

"இப்ப போனா, அதுக்கப்புறம் முட்டை வந்தா என்ன சொல்வாரு?" என்றேன். "அவன் போனான், முட்டை வந்துச்சுன்னுதான் சொல்வாரு. நம்ம புள்ளை காதுலயும் விழும்."

அவள் யோசித்துப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

விளக்குப் போட்ட மறுநாளே முட்டை வந்துவிடாது. அது எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. வாரக்கணக்கில் ஒன்றும் இல்லை. கோழிகள் அரை அம்மணமாகத் திரிந்தன. பிறகு கழுத்தில் முளைக்குருத்து மாதிரி புது இறகு எழும்பியது. மழை விட்டது. கொண்டை சிவந்தது. மாமா என்னோடு பேசவில்லை, கோழிகளோடும் பேசவில்லை. நாங்கள் இருவரும் தனித்தனியாகப் போய்க் கூண்டைப் பார்த்துவிட்டு வந்தோம். நான் கை மட்டும் விடவில்லை.

ஒரு காலை காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பின்னால் சிவப்புக் கோழி கொக்கரித்தது. முட்டையிட்ட கோழியின் சத்தம் தனி. மாமாவின் கோப்பை பாதியில் நின்றது. எழுந்திருப்பார் என்று பார்த்தேன். எழவில்லை.

"மாப்ள" என்றார். "நீங்க போய்ப் பாருங்க."

போனேன். புல் சூடாக இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன். உருண்டுவிடாமல் கையால் பிடித்துக்கொண்டேன்.

மாமா முட்டையைப் பார்த்தார். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"ஒண்ணுதானா?"

இப்போது மாமா இல்லை. அந்த வீட்டில்தான் இருக்கிறோம். மறுபடி லோரி ஓட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, எனக்கும் வயதாகிவிட்டது. அன்று அவர் கேலியாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று மனைவியிடம் பலமுறை கேட்டுவிட்டேன். "எங்கப்பாவப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?" என்பாள்.

தெரியாது. அன்றும் தெரியவில்லை. அதனால்தான் பையை வெளியே இழுத்துக் காட்டினேன்.