பபூன் பேச்சிமுத்துவின் வணக்கம்

மதியச் சாப்பாட்டு மேஜையில் எங்கள் அலுவலகத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் கிண்டலடித்துக்கொண்டேதான் சாப்பிடுவார்கள். என் பக்கம் திரும்பும்போது மட்டும் பேச்சு மரியாதையாகிவிடும். கனடாவின் வின்னிபெக் நகரத்துக்கு நான் வந்து பதினோரு வருடமாகிறது. இன்னும் ஒருவரும் என்னை வாரியதில்லை. போன மாதம் பொறுக்கமாட்டாமல் பக்கத்து இருக்கை மார்ட்டினின் புதுத் தாடியைப் பற்றி நானே ஒன்று எடுத்துவிட்டேன். எல்லோரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "உன் மனம் புண்படும்படி நான் ஏதாவது செய்துவிட்டேனா?" என்று கவலையோடு கேட்டார். பபூன் பேச்சிமுத்துவை இவர்களுக்கு எப்படி விளக்குவது?

சங்கரன்கோவில் பக்கம் கோயில் கொடைத் திருவிழா என்றால் நாடகம் உண்டு. அதில் முதலில் மேடையேறுபவர் பபூன் என்கிற கோமாளி. பேச்சிமுத்து மத்தியானமே வந்து டீக்கடையில் உட்கார்ந்து ஊர்வம்பு முழுவதையும் கறந்துவிடுவார். மேடையில் ஆளைச் சொல்லியே கேலியடிப்பார். மழையே காணாத ஊரில் தினமும் குடையோடு தாலுகா ஆபீஸ் வேலைக்குப் போனவர் என் அப்பா. அவரையும் பேச்சிமுத்து விடவில்லை:

"மழை எப்ப வரும்னு கேக்கியளா? நம்ம தாலுகாபீஸ் அண்ணாச்சி குடையை ரிப்பேருக்குக் குடுத்த மறுநாளு வரும்!"

அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கேலியில் சிக்காதவர்கள்தான் பாவம். ரைஸ்மில்காரர் ஒருமுறை மேடைக்குப் பின்னால் போய்ச் சண்டையே போட்டார்: "மூணு வருசமா என்னையப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே வே! நான் என்ன செத்தா போயிட்டேன்?" வெளியூர்க்காரர்களை மட்டும் பேச்சிமுத்து தொடமாட்டார். அவர்களுக்கு ஒரு கும்பிடு, அவ்வளவுதான்.

இந்த வருடக் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தேன். தள்ளாத வயதிலும் பேச்சிமுத்து பத்து நிமிடம் மேடையேறுகிறார் என்றார்கள். அவர் வாயால் ஒரு கேலி வாங்கிவிட வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று மத்தியானம் வேண்டுமென்றே அரைக்கால் டவுசரும் கறுப்புக் கண்ணாடியுமாக, கையில் தண்ணீர் பாட்டிலோடு, அவர் இருந்த டீக்கடை முன்னால் மூன்று தடவை நடந்தேன். தம்பி முருகன் வேறு போய்ப் பற்றவைத்துவிட்டு வந்தான்.

"அண்ணே, சட்னி காரம்னு நீ கண்ணு கலங்குனது வரைக்கும் சொல்லியாச்சு. இன்னைக்கு உன் மானம் கப்பலேறப் போவுது."

"ஏறட்டும்ல" என்றேன்.

சாயங்காலம் மேடைக்கு முன்னால் எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். கீழே மணலில் உட்காரப் போனேன், விடவில்லை. பேச்சிமுத்துவுக்கு உடம்பு வற்றியிருந்தாலும் குரல் அப்படியே இருந்தது. ரைஸ்மில்காரரின் மகனை வாரினார். செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டே செல்போனைத் தேடிய முருகனை வாரினார். அவன் மணலில் புரண்டு சிரித்தான். அடுத்து என்னைப் பார்த்தார். நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பினார்.

"கனடா தேசத்துலேருந்து எங்க கொடையைப் பாக்க வந்திருக்கிற ஐயா அவர்களுக்கு, ஊர் சார்பா வணக்கம்!"

கூட்டம் கைதட்டியது. என் காலடியில் உட்கார்ந்திருந்த முருகனும் தட்டினான். எனக்கு அழுகை முட்டியது. நாற்காலியை விட்டு எழுந்து, விருந்தாளியாக எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டேன்.